சந்தனம் வைத்த ஃபிளாப்பி

கம்ப்யூட்டர் படித்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு ஃபிளாப்பிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். ஆயுத பூஜை அன்று தறிக்கும், ஊடுநூல் ஓட்டும் நாடாவுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், நாடாப் பெட்டிக்குள் அது கிடப்பதைப் பார்த்ததும் அதற்கும் வைத்துவிட்டேன். நன்றாகக் குழைத்த சந்தனம். அதையும் சரியாக அந்த நகரும் தகட்டின் விளிம்பில் வைத்தேன். கும்பிட்டேன் வேறு. அதற்கான பலனை அனுபவிக்கச் சில வருடங்கள் ஆயின.

ஃபிளாப்பி எப்படி நாடாப் பெட்டிக்குள் போனது என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஆரணியில் ஒரு டிசைன் சென்டரில் வேலை பார்த்தேன். பட்டுச் சேலையின் பார்டரையும் முந்தியையும் புட்டாவையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, தறியின் மேல் இருக்கும் ஜக்காடு பெட்டிக்கு வேண்டிய அட்டைகளைத் துளையடித்துக் கொடுப்போம். சென்னையில் அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டியவர் யாரோ, அதில் ஒரு விளையாட்டையும் விட்டு வைத்திருந்தார். ஒரு பெரிய நிலப்படம், அதில் மூன்று ராஜ்ஜியங்கள். ஊர் கட்டலாம், கோட்டை கட்டலாம், படை திரட்டலாம், சண்டைக்குப் போகலாம். இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஆடலாம். மூன்றாவது ராஜ்ஜியத்தைக் கம்ப்யூட்டரே ஆடும். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெரிய பேர் இருந்தது. நாங்கள் ராஜா ஆட்டம் என்றுதான் சொல்வோம்.

நாங்கள் என்றால் நானும் என் கணவரும். அவர் சேவூரில் வீட்டுத் தறியில் பட்டு நெய்பவர். வேலையில் சேர்ந்த மறு வருடமே எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் தேவையில்லாமலும் பேசுகிறவள், அவர் தேவைக்கும் பேசாதவர். முதல் ஆறு மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அவரை உம்மணாமூஞ்சி என்று அம்மா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் அமாவாசை அன்று தறி ஓடாது. தறிக்காரர்கள் வராததால் சென்டரிலும் வேலை இருக்காது. முதலாளி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார், நான் காவலுக்கு உட்கார்ந்திருப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அழைத்துப் போக என் கணவர் வருவார். வந்தவர் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு அமாவாசையில் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். "இது இன்னாது?" என்று கேட்டார். அதுதான் அவராகவே என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை ஆட்டம். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. ஏனென்றால் அவரவர் முறை வரும்போது அவரவர் ராஜ்ஜியம் மட்டும்தான் திரையில் முழுதாகத் தெரியும். அடுத்தவர் இடம் கறுப்பாக மூடிக் கிடக்கும், எல்லையில் நிற்கும் கொடிகள் மட்டும் தெரியும். ஆட்டத்தை நிறுத்திய இடத்தை ஒரு ஃபிளாப்பியில் சேமித்துக்கொள்வோம். அது சென்டரில் இருந்தால் நடுவில் நான் திறந்து பார்த்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அதனால் ஃபிளாப்பி அவர் சட்டைப் பையில் வீட்டுக்குப் போகும், அவருடைய நாடாப் பெட்டியில் அடுத்த அமாவாசை வரை இருக்கும்.

நான் நன்றாக ஆடினேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். என் ஊர்கள் பெருகின. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வரும் மதிப்பெண் பட்டியலில் நான் மேலே, மெஷின் ராஜா நடுவில், அவர் கடைசியில். ஒவ்வொரு தடவையும் கிண்டல் செய்வேன். "இன்னாங்க, உங்க ராஜ்ஜியத்துல ராஜாவும் நீங்களே, ரெண்டு ஜனமும் நீங்களேவா?" என்பேன். அவர் சிரித்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை கோபித்துக்கொண்டேன். எங்கள் இருவர் நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. ஒரு அமாவாசையில் பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய கொடிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. என்னோடு சண்டைக்கு வரத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்த காசையெல்லாம் கொட்டி ஆற்றோரம் கோட்டைக்கு மேல் கோட்டை கட்டினேன். அன்று வண்டியில் பின்னால் உட்கார்ந்து சேவூர் போய்ச் சேரும் வரை அவரோடு பேசவில்லை. அவர் படை ஆற்றைத் தாண்டவே இல்லை. என் கோட்டையைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடத்தில் சென்டருக்குப் புது மெஷின் வந்தது, பழையது எடைக்குப் போயிற்று. போவதற்கு முன் விளையாட்டை நான்கு ஃபிளாப்பிகளில் பிரித்து நகல் எடுத்து வைத்தேன். என்றைக்காவது ஆடலாம் என்று நினைத்தோம். நெசவும் வீடும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆட்டம் அவர் முறையில் நின்றது, நின்ற இடம் நாடாப் பெட்டிக்குள் கிடந்தது, நான் அதற்குப் பொட்டு வைத்தேன்.

பிறகு அவருக்கு ஒரு விபத்து. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் களம்தான். வண்டிச் சக்கரம் ஏறி நெல் உதிரட்டும் என்று கதிரைப் பரப்பி வைப்பார்கள். முள்ளிப்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவர் அந்த வைக்கோலில் வண்டியோடு வழுக்கி வலது தோள் படும்படி விழுந்தார். முறிந்த எலும்பு கூடிவிட்டது. தோளிலிருந்து இறங்கும் நரம்புதான் இழுபட்டுப் போயிருந்தது. கை தோளிலிருந்து தொங்கியது, விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. வேலூரில் டாக்டர், "கொஞ்சம் கொஞ்சமா வரும். ஆனா வாரா வாரம் பயிற்சிக்கு வரணும், விட்டா அவ்ளோதான்" என்றார்.

அவர் இரண்டு வாரம் போனார். பிறகு போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பரிதாபப்பட்டு இவரைத் தாங்கிப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்தாராம், அந்த உதவி பிடிக்காமல்தான் போகவில்லை. வீட்டிலும் அப்படித்தான். சோறு பிசைந்து கொடுக்கப் போனால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுவார், பாதி கீழே கொட்டும், அதையும் அவரே துடைப்பார். நான் துணியை எடுத்தால் முறைப்பார். பேச்சு முன்பே குறைவு, இப்போது சுத்தமாக நின்றது. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் மாலை வரை அப்படியே. தறி, ஏற்றிய பாவு நூலோடு அப்படியே நின்றிருந்தது. நாள் தள்ளத் தள்ள அந்தக் கை திரும்பாமலே போய்விடும் என்று எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம், அவரே திரும்பாமல் போய்விடுவார் என்பது. கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். கல்லு மாதிரி இருந்தார்.

அந்தச் சமயத்தில் வீட்டிலிருந்தே டிசைன் போடலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். ஒருநாள் அலமாரியில் பழைய நான்கு ஃபிளாப்பிகளும் கண்ணில் பட்டன. இந்த மனுஷன் என்னைக் கேள்வி கேட்ட ஒரே இடம் அந்த விளையாட்டுதான் என்று தோன்றியது. வேறு யோசனை எதுவும் என்னிடம் இல்லை.

புது கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. ஐகானைத் தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். நினைவகம் போதாது என்று ஒருமுறை சொன்னது. பழைய மெஷினைப் போல் பல மடங்கு நினைவகம் வைத்துக்கொண்டு போதாது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஏதேதோ அமைப்பை மாற்றி ஒருநாள் ஓட வைத்தேன். ஓடியது, ஆனால் தலைதெறிக்க ஓடியது. விசைகளை லேசாகத் தொட்டாலே படை நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நின்றது. மெஷின் ராஜா தன் முறையைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிட்டான். பழைய மெஷினின் நிதானத்தை நம்பி எழுதிய ஆட்டம், புதியதின் வேகத்தில் நிலைகுலைந்து போயிருந்தது.

என் மாமியார் இதையெல்லாம் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்பள கை வுழுந்து கெடக்கறான், இவ வெளையாட்டு போட்டுகினு இருக்கறா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அப்படித்தான் தெரியும்.

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு சேலைக்காரி உட்கார்ந்து பழைய கேம்களைத் தேடிக்கொண்டிருப்பதை அங்கிருந்த காலேஜ் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தெரிந்தது, பழைய விளையாட்டுகளைப் புது கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. புது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதாக விளையாட்டை நம்ப வைக்கும் ஒரு புரோகிராமை எழுதி, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருந்தார்கள். கன்ட்ரோலோடு எஃப் பதினொன்றை அழுத்த அழுத்த அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் வேகம் குறையும். வீட்டுக்குக் கொண்டுவந்து அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த படை நடக்க ஆரம்பித்தது. யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

விளையாட்டு வந்துவிட்டது. எங்கள் ஆட்டம் வேண்டுமே. நாடாப் பெட்டியிலிருந்து அந்த ஐந்தாவது ஃபிளாப்பியை எடுத்தபோதுதான் என் பக்தியின் லட்சணம் தெரிந்தது. சந்தனம் தகட்டுக்கு அடியில் இறங்கி, உள்ளே இருக்கும் வட்டத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. டிரைவில் போட்டதும் கறகறவென்று அழுதது, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு என்னையே அறைய வேண்டும் போல் இருந்தது.

மறுபடி பிரவுசிங் சென்டர். அந்தக் கூட்டத்தாரின் இணையப் பக்கத்தில், என் அரைகுறை ஆங்கிலத்தில், டிக்‌ஷனரி பார்த்து, நடந்ததை எழுதினேன். கணவரின் கையைப் பற்றியும் எழுதினேன். அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, சொல்ல வேறு ஆள் இல்லாததால் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். எந்த நாடு என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதாக ஒரு வரி இருந்தது. அது என்ன பசை, அதை ஏன் ஃபிளாப்பியில் தடவ வேண்டும் என்று முதலில் கேட்டிருந்தார். பிறகு நிதானமாக, எண் போட்டு, ஒவ்வொரு படியாக எழுதியிருந்தார். மேலோட்டைப் பிளேடால் பிரி, உள்ளே உள்ள வட்டத் தகட்டை எடு, சுத்தமான தண்ணீரில் கழுவு, உலர்த்து, வேறொரு நல்ல ஃபிளாப்பியின் ஓட்டுக்குள் வை, ஒரே ஒரு முறை படித்தால் போதும், உடனே நகல் எடு. கடைசியில், உன் கணவர் ஆடட்டும் என்று முடித்திருந்தார். அந்த மனிதரை இன்றுவரை நான் பார்த்ததில்லை. என் சாமி படங்களுக்கு முன்னால் நிற்கும்போது சில நாள் அவரும் நினைவுக்கு வருவார்.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தேன். அவர் கட்டிலுக்கு எதிரிலேயே வேண்டுமென்றே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டைப் பிரித்து, மெல்லிய கறுப்பு வட்டத்தை வெளியே எடுத்து, தண்ணீரில் நனைத்து, பழைய வேட்டித் துணியால் சந்தனக் கறையைத் துடைக்கப் போனேன்.

"தேய்க்காத."

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"தேச்சா கீறிக்கும். பட்டுல கறை பட்டா தேய்ப்பியா? ஒத்தி ஒத்தி எடு. வெயில்ல வெக்காத, நெழல்ல காயட்டும்."

இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது அவர் குரலைக் கேட்டு. நான் மூச்சுக்கூட விடாமல் ஒத்தி ஒத்தி எடுத்தேன்.

மறுநாள் மதியம் வேறு ஓட்டுக்குள் வைத்து டிரைவில் தள்ளினேன். முதல் தடவை முடியவில்லை என்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கறகறத்துக்கொண்டே இழுத்து இழுத்துப் படித்து முடித்தது. அத்தனை வருட ஆட்டமும் ஒரு புட்டா டிசைன் அளவுகூட இல்லாத சின்னக் கோப்பு. ஆட்டத்தைத் திறந்ததும், இரண்டாம் அரசரின் முறை என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

"உங்க முறைங்க" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இடது கையால் கீபோர்டைத் தட்டும் சத்தம். தப்பாகத் தட்டியிருக்க வேண்டும், 'ச்ச' என்றார். மறுபடி தட்டினார், மறுபடி தப்பு. அந்த விளையாட்டில் கீபோர்டின் இரண்டு ஓரத்து விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் படை நகரும், ஒரு கைக்கு எட்டாது. நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டதும் சுவரைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நீங்க வாயால சொல்லுங்க, நான் அழுத்தறேன்."

"அப்போ என் பக்கம் எல்லாம் நீ பாத்துடுவ."

"பாத்தா இன்னா?"

நாற்காலி மறுபடி மேசைப் பக்கம் நகர்ந்தது. பிறகு, "சரி, திரும்பு" என்றார்.

அவருடைய ராஜ்ஜியத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஊர்கள் நான்குதான் மிச்சம், அதில் இரண்டு எரிந்து கிடந்தன. மலைப் பக்கம் முழுக்க மெஷின் ராஜாவின் படை. ஆற்றங்கரையில் நான் பார்த்த அந்தக் கொடிகளின் கீழே இருந்த வீரர்கள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றார்கள். மெஷின் ராஜா என் நாட்டுக்கு வர அந்த ஒரு வழிதான். வருடக்கணக்காக அவன் அடித்த அடியெல்லாம் இவர் மேல்தான் விழுந்திருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான் ஊர் கட்டிக் கொழித்துக்கொண்டு, கடைசி இடம் கடைசி இடம் என்று கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இவங்கள இன்னாத்துக்கு இங்க நிறுத்தி வெச்சீங்க?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"அவன் உன் பக்கம் வந்துகினு இருந்தான். நீ பாட்டுக்கு ஊரு கட்டிகினு இருந்த."

"ஒரு வார்த்த சொல்லலாம் இல்ல?"

"நீ கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. நான் அப்படித்தான். "இத்தன வருஷம் நீங்க எனக்காக நின்னீங்க. நான் வாங்கிகினேன். இப்போ நான் ஒரு வாய் சோறு பிசஞ்சி குடுத்தா மட்டும் உங்களுக்கு வேணாம். நீங்க மட்டும்தான் நிக்கணுமா?" என்று கேட்டேன். கூடத்தில் மாமியார் காதில் விழுந்திருக்கும், விழட்டும் என்றுதான் கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்து, "மேல ரெண்டாவது கொடி. அத மலைக்கு நகத்து" என்றார். நகர்த்தினேன். சாயங்காலம் கரண்ட் போகும் வரை அவர் சொல்லச் சொல்ல அவருடைய படையை நான் நடத்தினேன். இரண்டு ஊர்களைத் திரும்பப் பிடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்காகவும் ஜெயித்ததில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் இருந்தேன். வாசற்படியில் நிழல் தட்டியது. விபத்துக்குப் பிறகு பனியனைத் தவிர வேறெதுவும் போடாதவர், எப்படியோ இரண்டு கையையும் ஒரு வெள்ளைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு, மார்பு திறந்தபடி நின்றார். வலது கை பக்கத்தில் தொங்கியது. முகத்தை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டன் போட்டு வுடு. வேலூர் வண்டிக்கு நேரமாச்சு."

மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.